தினம் ஒரு கடவுச்சொல்

"வீட்டுல உள்ளவங்க பேரெல்லாம் தீர்ந்துபோச்சு சார். இனிமே வைக்கறதுக்குப் பேரில்லை" என்றாள் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்.

காலையில் அவள் கடவுச்சொல்லைத் தட்டுவாள். கணினி ஏற்றுக்கொள்ளும். உடனே, "புதிதாக வை" என்று அடம்பிடிக்கும். தினமும் மாற்றினால் எதுதான் நினைவில் நிற்கும்? பாதி நாள் பூட்டிய கதவின் முன் நிற்பதுபோல் நின்றாள். இந்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் வேலை நிரந்தரமாகாது என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

அதைவிட அவளை அரித்தது வேறொன்று. அவள் சேர்ந்த அன்றே நெட்வொர்க் அதிகாரி மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவர்தான் தினமும் புதுக் கடவுச்சொல் கேட்கிறார் என்று அலுவலகமே கிசுகிசுத்தது.

கோளாறைக் கண்டுபிடிக்க வெளியிலிருந்து வந்தவரை எல்லோரும் 'நிதானம்' என்பார்கள். கூட வந்த அவருடைய மைத்துனருக்கு 'அவசரம்' என்று பெயர் வைக்க யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"பேயாவது பிசாசாவது. வைரஸ் அத்தான்."

"வைரஸ் உன் வாயிலதான்டா இருக்கு. சும்மா இரு."

நிதானம் அவளை வேறொரு கணினியில் உட்காரவைத்தார். அங்கும் அதே கேள்வி. அவளுடைய கணினியில் மேலாளரை உட்காரவைத்தார். சத்தமில்லாமல் திறந்தது.

"மெஷின்ல ஒண்ணுமில்லை. உன் பேருலதான் இருக்கு. உனக்கப்புறம் யாரும் சேர்ந்தாங்களாம்மா?"

"இல்லை சார், நான்தான் கடைசி."

"முதல் நாள் உனக்கு லாகின் திறந்து கொடுத்தது யாரு?"

"அந்த நெட்வொர்க் சார்தான். 'சாயங்காலம் வந்து பார்க்கறேம்மா'ன்னு சொல்லிட்டுப் போனாரு. வரலை."

நெட்வொர்க் அறையில் அவருடைய நாற்காலி தள்ளிவிட்டபடியே கிடந்தது. மேசையில் கண்ணாடி மடிக்காமல் இருந்தது, இப்போதுதான் கழற்றி வைத்ததுபோல. அவரிடம் வேலை கற்ற பெண்தான் இப்போது பொறுப்பில் இருந்தாள். அவள் காட்டிய திரையை நிதானம் நெடுநேரம் பார்த்தார்.

"இவங்களுக்குத்தானே அதிகாரம் இருக்கு? அப்ப இவங்கதான்" என்றான் அவசரம்.

"இவங்க மாத்தியிருந்தா பழைய பாஸ்வேர்ட் செல்லாதே. அது செல்லுது. 'மாத்து'ங்கற குறி மட்டும் விடியுமுன்னே விழுது." நிதானம் மெல்லச் சொன்னார்: "போடறது போனவரோட லாகின்தான்."

கணக்குப் பிரிவுப் பெண் கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

"பயப்படாதேம்மா. புதுசா வர்றவங்களை அவரு 'புதியவர்'னு ஒரு குழுவுல சேர்ப்பாரு. அதுல இருக்கறவங்களுக்குக் காலையில குறி போடச் சொல்லி மெஷினுக்கு உத்தரவு எழுதியிருக்காரு. சாயங்காலம் நேர்ல போய் நாலு வார்த்தை பேசிட்டு, அவங்கவங்க பிரிவுக்கு மாத்திடுவாரு. உனக்கு மட்டும் அந்தச் சாயங்காலம் வரவே இல்லை. அவரைப் பொறுத்தவரைக்கும் நீ இன்னும் முதல் நாள்லதான் இருக்கே."

"போனவர் உத்தரவு எப்படி அத்தான் ஓடும்?"

"அவரு லாகினை யாரும் மூடலையே."

பொறுப்பிலிருந்தவள் கண்ணாடியையே பார்த்தாள். "போனவங்க லாகினை அன்னைக்கே மூடணும்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அண்ணன்தான் சார். அவரோடதை மூட எனக்குத்தான் கை வரலை."

அவள் முதலில் அந்தப் பெண்ணைக் கணக்குப் பிரிவுக்கு மாற்றினாள். பிறகு அவர் பெயருக்கு வந்தாள். வீட்டைவிட்டுக் கிளம்புகிற யாரிடமும் 'போயிட்டு வாங்க' என்றுதான் சொல்வோம். அவளுக்கு 'வாங்க' என்ற பாதி வரவில்லை.

"போங்கண்ணே. நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லி விசையை அழுத்தினாள்.

மறுநாள் காலை கணினி எதுவும் கேட்கவில்லை. அந்த அமைதிதான் அந்தப் பெண்ணுக்குப் பழக நேரமானது. வேலை முடிகிற நேரம், மேசையருகே நிழலாடியது. திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

நெட்வொர்க் அறைப் பெண் நின்றிருந்தாள்.

"சாயங்காலம் வந்து பார்க்கறேன்னு அண்ணன் சொல்லியிருந்தாராமே. எல்லாம் சரியா இருக்காம்மா?"