செம்புப் பட்டை

சாவியைத் திருகி எடுத்த பிறகும் அம்பாசிடர் காரின் கூரை விளக்கு அணையவில்லை. உள்ளே இன்னும் யாரோ இறங்க வேண்டியிருப்பதுபோல மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. தேசப்பன் கதவைத் திறந்து மறுபடி அறைந்து சாத்தினார். அப்புறம்தான் அணைந்தது. அதுவும் உடனே இல்லை.

தலைவர் பதவி போய் வெகுகாலம் ஆகியும் வண்டியின் முன்னால் மாட்டிய ‘ஊராட்சித் தலைவர்’ பலகை போகவில்லை. ‘முன்னாள்’ என்பதைப் பொடி எழுத்தில், பம்பரின் நிழல் விழும் இடமாகப் பார்த்து எழுதவைத்திருந்தார். குடிதண்ணீர் குடத்தில் வரும் ஊர். ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் ஊரே பார்க்கக் காரை ஏரிக்கரையில் இறக்கி, பழவேற்காட்டு உப்புத்தண்ணீரில் குளிப்பாட்டுவார். கார் பளபளத்தது. உள்ளே பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயர் பச்சை பூத்து இற்றுப்போனது. வலைக்காரர் வீட்டுப் பிள்ளையல்லவா, அதை நைலான் நூலால் சுற்றி இறுக்கிக் கட்டிவைத்தார். புயலிலும் அவிழாத முடிச்சு. கரண்டுதான் நூலில் போகாது. ஹாரனை அமுக்கினால் வைப்பர் தலையாட்டியது. சாவியைத் திருகினால் ‘டக்’கென்று ஒரு சத்தம், அதோடு சரி.

மகள் ராஜாத்தி பசியாவரத்திலிருந்து பிரசவத்துக்கு வந்திருக்காவிட்டால் காலம் அப்படியே ஓடியிருக்கும். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டதும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு உயிருக்கும் உத்தரவாதமில்லை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்றாள் பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாள். தலைவர் வீட்டுப் பேரன் ஓசி வண்டியில் போவதா?

அன்று காலையில் டச்சுக்காரர் கல்லறைப் பக்கம் போனார். மழையில் ஒரு கல்லறை மேடை வெடித்து, சவப்பெட்டியின் செம்புப் பட்டை ஒன்று நாக்குபோல வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை முந்தின நாளே பார்த்துவைத்திருந்தார். கப்பலும் எலும்புக்கூடும் செதுக்கிய பெரிய கல்லறைகளை அவர் தொடவில்லை. பெரிய மனிதர்களிடம் அவருக்கு எப்போதும் மரியாதை. இந்த மேடை ஒரு கை நீளம்தான் இருந்தது, கல்லில் பேரும் இல்லை. கேட்க நாதியில்லாத இடமாகப் பார்த்துக் கைவைப்பது பதவிக்காலத்திலேயே பழகிய வேலை. பிடித்து இழுத்தார். உள்ளே யாரோ பிடித்திருப்பதுபோல முதலில் இறுகி, பிறகு இளகி வந்தது.

பாடியில் துருவைச் சுரண்டி, இரும்பு மின்னும்வரை தேய்த்து, பட்டையை போல்ட் போட்டு முடுக்கினார். பழைய ஒயரை முடிச்சோடு ஏரியில் எறிந்தார். ஒரே திருகில் என்ஜின் எடுத்தது. ஊரைச் சுற்றி ஒரு பவனி வந்து வீட்டு வாசலில் நிறுத்தியபோதுதான் அந்த விளக்கு.

விளக்கு வைக்கும் நேரத்தில் வலி கண்டது. மழை. ராஜாத்தியைப் பின்சீட்டில் நீட்டிப் படுக்கவைத்தார்கள். இடமில்லாததால் கஸ்தூரியம்மாள் பிளாஸ்கும் துணிப்பையுமாக முன்னால் ஏறினாள்.

“போன் பண்ணியிருந்தா இந்நேரம் பெட்ல படுக்க வச்சிருப்பான், தலைவரே.”

“என் வண்டிக்கு இன்னா கொறச்சல்? ஒரே திருகுல எடுத்துச்சே, பாக்கல?”

“பாத்தேன். உனுக்கே ஆச்சரியமா இருந்துச்சே, அதையும் பாத்தேன்.”

ஊர் வெளிச்சம் பின்னால் மறைந்து, இரண்டு பக்கமும் வேலிகாத்தான் புதர்கள் மழையில் குனிந்து கண்ணாடியை உரசிக்கொண்டு போக, ஏரிச் சேற்றின் வாடைக்கு அடியிலிருந்து இன்னொரு வாடை, ஈரச் சுண்ணாம்பும் திரிந்த பாலும் கலந்ததுபோல, மெல்ல மெல்ல வண்டிக்குள் நிறைந்தது. பின்சீட்டு ஸ்பிரிங் கிறீச்சிட்டது. மகள் புரள்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். புரளும் சத்தம் அவ்வளவு சின்னதாக இருக்காது.

“நைனா, என் கால்மாட்டுல இன்னா வச்ச?”

“பைதாம்மா.”

“பை என் மடியில கீது,” என்றாள் கஸ்தூரியம்மாள்.

“ஜில்லுனு இருக்குது நைனா.” சற்றுப் பொறுத்து, “நகருது.”

அவர் கைகள் ஸ்டியரிங்கில் வழுக்கின. பட்டை. கழற்றி எறிந்துவிடலாம். எறிந்தால் வண்டி எடுக்காது. பழைய ஒயர் ஏரியில். இருந்த ஒரு போனும் வீட்டில், சார்ஜில். நின்றால் மகள் போய்விடுவாள். நிற்காவிட்டால்?

“முட்டியாண்ட வந்துடுச்சு.”

ஆக்சிலேட்டரை மிதித்தார். ஹெட்லைட் வெளிச்சத்தில் மழைமட்டும்.

“மேல ஏறுது நைனா.”

பிறகு ஒரு குழந்தை அழுதது.

பச்சைக் குழந்தையின் அழுகை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் நெஞ்சு குளிர்ந்துபோனது. “பொறந்துடுச்சா?”

கஸ்தூரியம்மாள் திரும்பிப் பார்த்தாள். மறுபடி முன்னால் திரும்பினாள். அப்புறம் அவள் தலை அசையவில்லை. மடியில் பிளாஸ்க் மட்டும் கடகடவென்று ஆடியது.

நிறுத்தினார். சாவியை எடுத்தார். ஹெட்லைட்டை அணைக்க மறந்து இறங்கினார். பானெட். ஸ்பேனர். போல்ட் வழுக்கியது. மறுபடி. இளகியது. பட்டை கைக்கு வந்தது. ஈரமாக, மாமிசத்தின் சூட்டோடு.

ஹெட்லைட் அணைந்தது. அழுகை நின்றது.

இருட்டு. தகரத்தில் மழை. தலைவர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிந்தது என்று நினைத்தார். யாராவது வருவார்கள், லாரி, ஆட்டோ, மீன் வண்டி. ஓசி வண்டி வந்தாலும் போதும்.

கூரை விளக்கு எரிந்தது.

மஞ்சளாக. பட்டை அவர் கையில் இருந்தது. பேட்டரிக்கும் பாடிக்கும் நடுவில் ஒன்றுமில்லை.

பின் கதவுக் கண்ணாடியில் வழிந்த தண்ணீரைக் கையால் துடைத்தார். ராஜாத்தி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. முந்தானையை மார்புக்கு மேலே இழுத்துப் போர்த்தியிருந்தாள். முந்தானைக்குள் ஏதோ அசைந்தது. சப்பும் சத்தம்.

“இப்ப அழுவல நைனா,” என்றாள் மெதுவாக. “பசிதான் போல.”

அதற்குக் கீழே அவள் வயிறு அப்படியே இருந்தது. நிறைமாத வயிறு. அதற்குள் இருந்த குழந்தை, எவ்வளவு தள்ளிப்போக முடியுமோ அவ்வளவு தள்ளி, ஒரே பக்கமாக ஒண்டிக்கொண்டு நடுங்கியது.