ஒரு சாண் நகர்ந்த ஜன்னல்

கிர்ர்ர்... கல் அறுக்கும் மெஷின் மறுபடியும் கத்தியது. சுண்டு காதைப் பொத்திக்கொண்டாள்.

சுண்டுவின் அம்மா கொத்தனார். எத்தனையோ வீடுகள் கட்டியவர். இன்று சொந்த வீட்டில், வண்டி நிறுத்தும் இடத்துக்குச் சுவர் எழுப்பி அறையாக்கிக்கொண்டிருந்தார். கால் முறிந்த அக்கா அடுத்த வாரம் மருத்துவமனையிலிருந்து வருகிறாள். அவளால் மாடி ஏற முடியாது.

“இன்னிக்கே சுவர் ஏறிடணும். அப்பதான் காயும். இல்லேன்னா அவ அத்தை வீட்டுலதான் இருக்கணும்,” என்றார் அம்மா.

அக்கா இல்லாத வீட்டில் சுண்டுவுக்குச் சண்டை போடக்கூட ஆளில்லை.

காலையில் ஹாலோ பிளாக் கற்கள் மளமளவென்று ஏறின. ஜன்னல் உயரம் வந்ததும் வேலை படுத்துவிட்டது. ஜன்னலை ஒட்டி வரும் கல்லை ஒவ்வொரு வரிசையிலும் அளந்து அறுக்க வேண்டியிருந்தது.

“ஆமைகூட நம்மளைத் தாண்டிப் போயிடும், அண்ணி,” என்றார் கலவை குழைத்த சித்தப்பா.

“பேசாதீங்க சித்தப்பா. சிமெண்ட் மூட்டை பேசுற மாதிரி இருக்கு!” என்றாள் சுண்டு. அவர் மேலெல்லாம் தூசி.

அவள் சுவரையே பார்த்தாள். ஜன்னலுக்கான கோடு கல்லின் ஓரத்திலும் இல்லை, நடுவிலும் இல்லை.

“அம்மா, ஜன்னலை ஒரு சாண் தள்ளினா? முழுக்கல்லும், அதோ கிடக்கிற அரைக்கல்லுமே போதும். அறுக்கவே வேணாம்!”

அம்மா டேப்பை நீட்டி இரண்டு பக்கமும் அளந்தார். “சரியாத்தான் வருது. ஆனா வேணாம்டி. படுத்துக்கிட்டே மைதானத்தைப் பாக்கணும்னு அக்கா ஆசையா கேட்டா. கட்டில் போடுற இடத்துக்கு நேரா பாத்துதான் கோடு போட்டேன்.”

சுண்டு கட்டில் போடும் இடத்தில் தரையில் மல்லாந்து படுத்தாள்.

“சித்தப்பா, ஜன்னல் சட்டத்தைப் புது இடத்துல தூக்கிப் பிடிங்க.”

“உத்தரவு, மேஸ்திரி!” என்று முனகிக்கொண்டே அவர் தூக்கினார்.

சட்டத்துக்குள் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மட்டும் தெரிந்தது. நாள் முழுக்க இந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு அக்கா எப்படிப் படுத்திருப்பாள்?

பிறகு புழுவைப் போல நெளிந்து நெளிந்து நகர்ந்தாள்.

“கை வலிக்குது, தாயே!”

“இன்னும் கொஞ்சம்... தெரியுது! கோல் கம்பம் தெரியுதும்மா! கட்டிலை இங்க போட்டுடலாம்!”

“கதவு இடிக்காதா?”

“இடிக்காது. காலை நீட்டிப் பாத்துட்டேன்.”

அம்மா கதவைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அறுத்து வைத்திருந்த கற்களை, கலவை காயும் முன்பே பெயர்த்தெடுத்தார். ஈரத் துணியால் பழைய கோட்டை அழித்தார்.

அதன்பின் மெஷின் கத்தவில்லை. விளக்குப் போடும் முன்பே கடைசி வரிசை ஏறிவிட்டது.

அடுத்த வாரம், கட்டுப்போட்ட காலோடு அக்கா கட்டிலில் சாய்ந்தாள். மைதானத்திலிருந்து அவள் தோழிகள் கையாட்டினார்கள்.

“ஜன்னல் எவ்ளோ சரியான இடத்துல இருக்கும்மா!”

அம்மா சுண்டுவைப் பார்த்துச் சிரித்தார். சுண்டு அதைக் கவனிக்கவில்லை. அவள் கட்டிலில் ஏறிக்கொண்டிருந்தாள்.

“தள்ளிப் படு. எனக்கும் தெரியணும்.”

“இது என் கட்டில். போடி!”

அப்பாடா, அக்கா வந்துவிட்டாள்!