நான்காவது சக்கரம்

மூன்று சக்கரம் வரைக்கும் வாய்க்கு வாய் ‘அக்கா’ சேர்த்துச் சொன்ன ஜாகிர், நான்காவது சக்கரத்துக்கு வந்ததும் வேனுக்கு அடியிலிருந்து “புடி” என்று மொட்டையாகச் சொன்னான். ஈவ்லினுக்குச் சுருக்கென்றது. பசியாக இருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டு பிரேக்கை அழுத்திப் பிடித்தாள்.

நாளை பள்ளி திறக்கிறது. வேன் நிறையப் பிள்ளைகள், எல்லாம் ஊரார் பிள்ளைகள். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும். பள்ளி வேன் ஓட்ட வந்தவளுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது ஓய்வாவது. கோயில் ஆராதனை முடிந்து மத்தியானமே மகள் எப்சியையும் கூட்டிக்கொண்டு சேலையூரில் ஜாகிர் பட்டறைக்கு வந்துவிட்டாள். இப்போது மழை பிடித்துக்கொண்டது. பொழுதும் சாய்ந்துவிட்டது. பின் சீட்டில் எப்சி போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள்.

பிரேக் பெரிய மாயமெல்லாம் இல்லை. காலின் பலத்தை எண்ணெய் சுமந்துபோய்ச் சக்கரத்தில் சேர்க்கிறது, அவ்வளவுதான். எண்ணெய் குறைந்து குழாயில் காற்று புகுந்தால் பெடல் பஞ்சாகிவிடும். அந்தக் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருத்தர் மிதித்துப் பிடிக்க, கீழே ஒருத்தர் சக்கரத்தின் திருகைத் திறந்து காற்றை வெளியே விட்டு மூடுவார். “அமுக்கு, புடி, வுடு.” கீழேயிருந்து ‘வுடு’ வரும்வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று திரும்பவும் உள்ளே போய், செய்த வேலை அத்தனையும் விழலுக்கு இறைத்த நீர்.

ஜாகிர் மத்தியானமே கடிந்துகொண்டான். “எண்ணெய் கொறையுதுன்னா எங்கியோ போவுதுன்னுதானக்கா அர்த்தம்? மாசக்கணக்கா மேல மேல ஊத்திகினே இருந்தா? எங்க ஒழுவுதுன்னு பாக்க வேணாமா?” பிறகு அவனே நான்கு சக்கரத்தையும் தடவிப் பார்த்துவிட்டு விழித்தான். “ஒரு சொட்டு ஈரம்கூட இல்லியே. பின்ன எங்கதான் போச்சு?”

‘வுடு’ இன்னும் வரவில்லை.

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குக் கீழே, சரியாக அவள் சீட்டுக்கு அடியில், வேறொரு சத்தம் கேட்டது. இளநீர் தீர்ந்த பிறகும் ஸ்ட்ராவை விடாமல் உறிஞ்சுவார்களே, அந்த மாதிரி. கூடவே பிரேக் எண்ணெயின் காட்டமான வாடை. கழற்றிய முன்சக்கரம் சுவரோரம் சாய்ந்திருந்தது. சக்கரம் இருந்த மூலையில் வேன் ஜாக்கியின்மேல் நின்றது.

“ஜாகிர், கால் மரத்துப்போச்சுப்பா. விடவா?”

உறிஞ்சும் சத்தம் நின்றது.

“புடி.”

அப்போதுதான் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். பின்சக்கரத்துக்கு ஜாகிர் அண்டைகொடுத்த கல் அங்கே இல்லை. நடு முற்றத்தில் மழையில் நனைந்துகொண்டிருந்தது. ரோட்டை வருஷாவருஷம் மேலே மேலே போட்டு உயர்த்தியதில், பட்டறை வாசல் உள்பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. ஹேண்ட் பிரேக் கம்பியும் கழற்றியிருக்கிறது. அப்படியென்றால் வேனைத் தாங்குவது அவள் கால் மட்டும்தான். எடுத்தால், வாசலைப் பார்த்து நிற்கும் வண்டி பின்னால் உருளும், ஜாக்கி சாயும், கீழே இருப்பவன் கதி அவ்வளவுதான்.

காலை இன்னும் இறுக்கினாள்.

போன் அடித்தது. ஜாகிர்.

“அக்கா, மழையில மாட்டிகினேன். இங்கியே மக்ரிப் தொழுதுட்டேன். வந்து நாலாவத முடிச்சிடலாம்.”

“நீ… எங்க இருக்கே?”

“பள்ளிவாசலாண்ட. ஜன்னல்ல தட்டிச் சொல்லிட்டுத்தான வந்தேன், நீங்களும் தலைய ஆட்டினீங்களே? எப்சி முழிச்சிகினு நானும் வரேன்னுச்சு. பன்னு வாங்கிக் குடுத்தேன்.”

மழை இரைச்சலில் எதுவும் கேட்காமலே ஜன்னலைப் பார்த்துத் தலையாட்டியது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தாள். பின் சீட்டில் போர்வை மட்டும் இருந்தது.

“அவகிட்ட குடு. குடு ஜாகிர்!”

“அம்மா,” என்றது எப்சியின் குரல், வாயில் பன்னோடு. “பட்டர் பன்னும்மா.”

ஆண்டவரே, ஸ்தோத்திரம். பிள்ளை பத்திரமாக இருக்கிறாள். கண்ணீர் முட்டியது.

“ஓடி வா ஜாகிர். என்னால எறங்க முடியல. கீழ யாரோ…”

“புடி,” என்றது கீழே.

பெடல் இறங்க ஆரம்பித்தது. மெல்ல. கீழே உறிஞ்ச உறிஞ்ச, மேலே இறங்கியது. விட்டு மிதித்தால் ஏறும். விட முடியாது. அரை விரல் இறங்கியது. இன்னும் அரை விரல். வேன் லேசாக முனகியது. வீட்டு வாசலில், பள்ளிக்கூட வாசலில், எல்லா நாளும் இது கீழேயே இருந்திருக்கிறதா? மேலே பிள்ளைகள் பாடிக்கொண்டு வரும்போதெல்லாம்?

வாசலில் டார்ச் வெளிச்சம். குடை. ஜாகிர். அவன் கையைப் பிடித்துக்கொண்டு எப்சி, மஞ்சள் கவுன், பன் தின்னும் வாய்.

ஈவ்லின் கண்ணாரப் பார்த்தாள். தன் உயிர் அங்கே நிற்கிறது. கீழே எது கிடந்தால் என்ன, வேன் போனால் போகட்டும்.

காலை எடுத்தாள்.

“அம்மா!”

எப்சியின் குரல். கீழேயிருந்து.

பாய்ந்து மிதித்தாள். காற்றை மிதித்ததுபோலப் பெடல் தரையைத் தொட்டது. வேன் பின்னால் நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்தது. முன்பக்கம் இறங்கியது. மெத்தென்று.

வாசலில் ஜாகிர் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் குடை. இன்னொரு கை, ஒரு சின்னக் கையைப் பிடித்திருந்த உயரத்திலேயே, மூடியபடி இருந்தது. அதில் யாரும் இல்லை. பாதி தின்ற பன் மழையில் ஊறிக்கொண்டிருந்தது.

“இப்பதான்… புடிச்சிகினு இருந்தேன்க்கா…”

ஈவ்லின் பெடலை மிதித்தபடியே இருந்தாள்.

சீட்டுக்கு அடியில் உறிஞ்சும் சத்தம் திரும்பவும் ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கேட்டது. நின்றது.

“வுடு,” என்றது, எப்சியின் குரலில்.