கழித்த ஆள்

வீட்டில் அவன், மனைவி, கைக்குழந்தை. செயலி மட்டும் நான்கு பேர் என்றது.

வீட்டுக்குள் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லும் பாதுகாப்புச் செயலி அது. வெளியிடும் முன் சோதிப்பது அவன் வேலை. சோதனையாளர்கள் சொந்த வீட்டிலேயே சென்சார்களை மாட்டிப் பார்க்க வேண்டும் என்பது அலுவலக வழக்கம். நிர்வாகத்துக்குச் சோதனை வீட்டு வாடகை மிச்சம். ஒவ்வோர் அறையையும் தனித்தனியாகச் சோதித்தான். சேர்த்துச் சோதித்தான். ஒரே சமயத்தில் ஆயிரம் வீடுகளின் தகவலை ஏற்றிச் சோதித்தான். மற்ற வீடுகளெல்லாம் சரி. அவன் வீட்டில் நான்கு.

நிரல் எழுதியவனுக்கு ‘சரியாத்தான்’ என்று பட்டப்பெயர். எந்தப் பிழையைக் கொண்டுபோனாலும் அந்த வார்த்தைதான் முதலில் வரும்.

“என் மெஷின்ல சரியாத்தான் ஓடுது. உன் வீட்ல பேய் இருந்தா நான் என்னப்பா பண்றது?”

“நாளைக்கு ரிலீஸ்டா. நான் தூங்கியே எத்தனையோ நாளாச்சு.”

“அவ்ளோதானே? உன் வீட்டு மொத்தத்துல ஒண்ணைக் கழிச்சுடுறேன். ஓகே போட்டுட்டுப் போய்ப் படு.”

மொத்தம் மூன்று என்று வந்தது. அவனும் ஓகே போட்டான்.

மறுநாள் பிற்பகல், செயலி வெளியாகி எல்லோரும் கலைந்தபின், ஆறிப்போன காபியின் புளித்த வாசனையும் ஏசியின் ஓயாத முனகலும் மட்டும் மிஞ்சிய அலுவலக அறையில், கண் எரிய, மேசையில் தலை சாய்த்தபடி அவன் செயலியில் தன் வீட்டைப் பார்த்தான். மொத்தம் இரண்டு. மனைவி, குழந்தை. நிம்மதி.

விரல் சும்மா அறைவாரிப் பட்டியலைத் தொட்டது. அங்கே யாரும் எதையும் கழிக்கவில்லை.

படுக்கையறை: இரண்டு. சமையலறை: ஒன்று.

தூக்கம் போயிற்று. மனைவியை அழைத்தான்.

“மெதுவாப் பேசுங்க, பாப்பா இப்பதான் கண்ணசந்துச்சு,” என்றாள் கிசுகிசுப்பாக. “கிச்சன்ல இருந்துக்கிட்டு எதுக்கு போன் பண்றீங்க?”

“நான் ஆபீஸ்ல இருக்கேன்.”

“விளையாடாதீங்க. பாத்திரத்தை உருட்டுறது இங்க வரைக்கும் கேட்குது.”

சமையலறை: காலி. நடைவழி: ஒன்று.

“கதவைச் சாத்து. தாழ் போடு. உடனே!”

ஓடும் காலடி. கதவு. தாழ்.

“போட்டுட்டேன். யாருங்க வெளிய?”

நடைவழி: காலி.

படுக்கையறை: மூன்று.

போனில், தூங்கிய குழந்தை சிரித்தது. யாரோ கிச்சுக்கிச்சு மூட்டியது போல. விடாமல்.

திரையின் உச்சியில், மொத்தம்: இரண்டு. பச்சை நிறத்தில்.