அக்காவின் பாதிக் குரல்

இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலித்தது. இரும்பு அலமாரிகளை மூன்றாம் மாடிக்கு ஏற்றி முடித்த சுமைகாரருக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அழிந்துவரும் மொழிகளைப் பதிவுசெய்து வைக்கிற பழைய கட்டடம் அது. சத்தம் புகாமலிருக்கச் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தார்கள். தன் மூச்சே தனக்குப் பெரிதாகக் கேட்டது.

பக்கத்து அறையில் அக்கா பேசினாள்.

அக்கா போன மழைக்காலத்தில் செத்துப்போனவள். அவர்கள் மொழியை முழுதாகப் பேசிய கடைசி ஆள். இவருக்குக் கேட்டால் புரியும், நாக்கில் வராது.

கதவைத் தள்ளினார்.

"வாங்கண்ணே" என்றான் ஒலிப்பதிவுக்காரன். "உங்க அக்காதான். கண்காட்சிக்குப் போடப்போறோம். காலையிலேருந்து திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்குறேன்."

சுமைகாரர் உற்றுக் கேட்டார். அது இறந்தவர்களை அழைக்கும் சொல். அழைத்த வாய்தான் அவர்களைத் திருப்பி அனுப்பவும் வேண்டும். இரண்டையும் பிரிக்கக் கூடாதென்று அக்கா இந்த ஒலிப்பதிவுக்காரனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். 'அம்மா, அம்மா' என்று கெஞ்சி, படுத்துக் கிடந்தவளை எழுப்பி உட்காரவைத்துப் பேசவைத்தவன் இவன்.

"அனுப்புறது எங்க தம்பி?"

"அதுல ஒரே இருமல்ணே. வெட்டிட்டேன்."

"வச்சிருக்கியா?"

"அழிச்சாச்சு. முக்கால்வாசியக் காப்பாத்திட்டோம்ல."

"கதவத் தொறந்து விட்டுட்டு தாழ்ப்பாளப் பிடுங்கிட்டு, காப்பாத்திட்டேங்கிற. உன்ன நம்பித்தானடா வாயத் தொறந்தா."

ஈரமண் வாடை அடித்தது.

மூன்றாம் மாடியில்.

"நிறுத்துடா."

அவன் மின்கம்பியைப் பிடுங்கினான். பெட்டியின் விளக்கு அணைந்தது.

குரல் நிற்கவில்லை.

படிக்கட்டில் வெறுங்கால்கள் ஏறின. ஒருவர் இருவரல்ல. கதவுக்கு வெளியே வந்து நின்றன. பல வாய்கள் மெதுவாக ஒன்றையே கேட்டன.

"என்னண்ணே கேக்குறாங்க?" அவன் சுமைகாரருக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"எதுக்கு எங்களக் கூப்பிட்டீங்கன்னு."

"ஏதாவது சொல்லுங்கண்ணே."

சுமைகாரர் வாயைத் திறந்தார். அந்த மொழி வரவில்லை, காற்றுதான் வந்தது.

கூட்டத்துக்குள்ளிருந்து ஒருத்தி இவரைச் சின்ன வயதுச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எங்களை அனுப்பிவிடு என்றாள்.

அவள் குரல் அவளையும் இழுத்து வந்திருந்தது.

அந்த மாடியை இப்போது பூட்டி வைத்திருக்கிறார்கள். பூட்டுக்கு உள்ளே பேச்சு ஓயவில்லை. அக்காவுக்கும் அவளோடு வந்தவர்களுக்கும் வழியனுப்பும் சொல் இன்னும் பாக்கி.