பம்பை நிறுத்து

அடிலெய்டில் அந்தப் பிப்ரவரி வெயில் மண்டையைப் பிளந்தது. பழைய இதய வார்டைத்தான் பல்கலைக்கழகம் பயிற்சிக்கூடமாக மாற்றியிருந்தது. உள்ளே நுழைந்ததும் எலெனிக்குக் குளிர் எலும்பில் ஏறியது. புதுப் பெயின்ட் வாசனைக்கு அடியில் பழைய ரத்த வாடை. இங்கே பயிற்சி இயந்திரத்தின் குழாய்களில் ஓடுவதென்னவோ சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர்தான்.

நர்ஸ் வேலையை உதறிவிட்டுப் பெர்ஃபியூஷன் படிக்க வந்தவள் அவள். அறுவையின்போது நோயாளியின் இதயத்தை நிறுத்திவிடுவார்கள்; அவ்வளவு நேரமும் உடம்புக்கு ரத்தத்தை ஓட்டும் பம்பு இயந்திரம் பெர்ஃபியூஷன் படித்தவர்கள் பொறுப்பு. இன்று கடைசித் தேர்வு. மருத்துவமனையில் இருந்ததோ ஒரே ஒரு வேலை. போட்டிக்குக் கேலம் இருந்தான்.

அந்தக் கேலம்தான் இன்று அறுவை மருத்துவராக நடித்து, திரைக்கு அப்பால் நின்று உத்தரவு கொடுக்கப் போகிறான். திருடன் கையில் சாவி கொடுத்த மாதிரி.

"பயப்படாத லெனி, உன்னக் கவுத்துட மாட்டேன்," என்று கண்ணடித்தான்.

அதைக் கேட்டபிறகுதான் அவளுக்குப் பயமே வந்தது.

"ஞாபகம் இருக்குல்ல?" என்றார் தேர்வாளர் டெஸ்மண்ட். "உத்தரவு காதுல விழணும். திருப்பிச் சொல்லணும். அப்புறந்தான் கை வைக்கணும்."

பம்பு ஓடியது. பத்து நிமிடம் ஒரு பிசகும் இல்லை.

"வேகத்தக் குறை."

மெல்லிய கிசுகிசுப்பு.

"குறைக்கிறேன்," என்று பம்பின் வேகத் திருகை இடப்பக்கம் திருப்பினாள்.

"ஏய், நான் ஒண்ணுமே சொல்லலயே!" என்றான் கேலம், திரைக்கு அப்பாலிருந்து.

டெஸ்மண்டின் பேனா நின்றது. "இன்னொரு தப்பு பண்ணினா, வீட்டுக்குக் கெளம்பிடலாம் எலெனி."

பாவி, வேலையைக் காட்டிவிட்டானே!

"பம்பை நிறுத்து."

இம்முறை அவள் அசையவில்லை.

"நிறுத்து."

பல்லைக் கடித்துக்கொண்டாள். குரல் காதோரம் இருந்தது. கேலமோ பத்தடி தள்ளி நின்றான். எங்காவது ஸ்பீக்கரை ஒளித்து வைத்திருப்பான், அவ்வளவுதான்.

தேறினாள். வேலையும் அவளுக்கே கிடைத்தது.

"சத்தியமா அது நான் இல்ல லெனி," என்றான் கேலம், வாசலில்.

"போடா புளுகா."

அவன் டார்வினில் வேலை தேடிக்கொண்டு போனான். தொல்லை விட்டது என்று நிம்மதியானாள்.

மூன்றாம் மாதம், முதன்முறையாகத் தனியே இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். அறுவை மேசையில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர். நெஞ்சு திறந்து கிடந்தது. இதயம் நின்றிருந்தது. பம்பும் நின்றால் மனிதர் போய்விடுவார்.

காலை பத்து மணி. விளக்குகள் பளிச்சென்று எரிந்தன.

"பம்பை நிறுத்து."

டாக்டர் ஹாரியட் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார். முகக்கவசத்துக்குள் உதடு தெரியவில்லை.

"டாக்டர்... நிறுத்தச் சொன்னீங்களா?"

"இப்பவா? பைத்தியமா உனக்கு? ஓட்டு!"

"ஓட்டுறேன்."

இரண்டு கையாலும் திருகை இறுகப் பிடித்தாள். கேலம் மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தான்.

உள்ளங்கைக்குள் திருகு இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது.

இருந்த பலத்தையெல்லாம் போட்டுப் பிடித்தாள். அது நிற்கவில்லை.

"நிறுத்திட்டேன்."

அறையில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். குரல் அவளுடையதுதான்.

அவள் வாயைத் திறக்கவே இல்லை.