கணுக்கால்வரை அளந்த நூல்

மழைக்கு ஒதுங்குகிறவர்களைப் போலத்தான் பேராலயத்துக்குள் நுழைந்தோம். ஹாவிஸின் தோளில் அவள் மகள் எம்லின் கிடந்தாள். காய்ச்சலில் பேச்சு நின்று, கைகால் சில்லிட்டுப்போன பிள்ளை. ஹாவிஸ் என் தம்பி கில்பெர்ட்டின் விதவை.

உள்ளே ஆயர் துர்ஜிஸின் கல்லறை. தன் காட்டில் விறகு பொறுக்கியதற்காக என் தம்பியின் வலது பாதத்தை வெட்டச் சொன்ன மகராசன். வெட்டினார்கள். ரத்தம் நிற்காமல் அவன் செத்தான். பிறகு ஆயரும் செத்தார்; கையில் ஆயர் கோலோடு புதைத்தார்கள். கல்லறையைத் திறந்தபோது நறுமணம் வந்ததாம், உடனே புனிதர் ஆகிவிட்டார். என் தம்பியின் குழியில் என்ன மணம் வந்தது என்று பார்க்க ஒருத்தரும் வரவில்லை.

ஆனால் பிள்ளைக்கு வேறு கதி இல்லை. எங்கள் நார்மண்டிச் சீமையில் நோயாளியை உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை நூலால் அளப்போம். அந்த நூலைத் திரியாக்கி, மெழுகில் தோய்த்து, புனிதர் முன் ஏற்றுவோம். அளந்த உடம்பு அவர் பொறுப்பு.

கல்லறைக்கு மேலே கயிறுகளில் மெழுகுக் கைகளும் கால்களும் தொங்கின. குணமானவர்களின் காணிக்கை. கதவு சாத்தியிருந்தும் அவை லேசாக ஆடிக்கொண்டிருந்தன.

"இந்த ஆளுகிட்டயா கையேந்தச் சொல்றீங்க அண்ணி?" என்றாள் ஹாவிஸ்.

"புள்ள பொழைக்கட்டும்டி. வைராக்கியத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

கல்லறைப் பொறுப்பிலிருந்த குருவானவர் ரனுல்ஃப் சாமி நூலை நீட்டினார். "குதிகால் வரைக்கும் அளக்கணும். குறைச்சிடாதே. புனிதர் கண்டிப்பானவர்."

"தெரியும் சாமி. எங்க வீட்டுக்கு நல்லாவே தெரியும்" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஹாவிஸ் பிள்ளையைக் கல்தரையில் கிடத்தினாள். நூல் உச்சந்தலையில் தொடங்கி மார்பு, வயிறு, வலது முழங்கால் என்று இறங்கியது. கணுக்காலில் நின்றது. அங்கேயே பல்லால் கடித்து அறுத்தாள்.

"என்னடி பண்றே?" என்று கிசுகிசுத்தேன்.

"எங்க வீட்டுப் பாதம் ஒண்ணு ஏற்கெனவே அவருகிட்ட இருக்கு. இது மேல அவரு கை படக் கூடாது."

சாமி கவனிக்கவில்லை. நூலை மெழுகில் தோய்த்து, உருட்டி, ஏற்றினார்.

தேன்மெழுகு வாசம் வரவில்லை. பச்சை விறகும் ரத்தமும் கலந்த வாடை வந்தது. என் தம்பியைத் தூக்கிவந்த அன்று வீடெல்லாம் அடித்த வாடை.

கல்லறைக்குள் கோல் ஊன்றும் சத்தம் கேட்டது.

டக்.

மறுபடியும். இப்போது கல்லுக்கு வெளியே.

டக்.

சத்தம் பிள்ளையின் காலருகே வந்து நின்றது.

எம்லின் கண் திறந்தாள். "அம்மா, பசிக்குது."

சாமி மணியடிக்க ஓடினார். ஹாவிஸ் பிள்ளையைக் கட்டிக்கொண்டு கதறினாள். நான் பிள்ளையின் வலது காலைத் தேய்த்தேன். முழங்கால் சூடு. கணுக்காலும் சூடு. அதற்குக் கீழே கல்லறைக் கல்லின் குளிர்ச்சி.

"அந்தக் கோல் வச்ச தாத்தா ஏன் என் கால்மாட்டுல உக்காந்திருக்காரு?" என்றாள் எம்லின்.

அங்கே யாரும் இல்லை.

பாதம் கறுத்துப்போயிற்று. நாவிதர்தான் அறுத்தெடுத்தார், நூல் நின்ற அதே இடத்தில். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். புனிதரின் திருவிழாதோறும் ஊன்றுகோலோடு அவளை முன்னால் நிறுத்தி, அற்புதம் என்று சாமிமார் பாடுகிறார்கள். ஹாவிஸ் அந்தப் பக்கம் வருவதே இல்லை. "இன்னும் கொஞ்சம் நூல் விட்டிருக்கலாமே அண்ணி" என்று என்னிடம் மட்டும் சொல்லிச் சொல்லி அழுகிறாள். அந்த ஆளை நான் வெறுக்கிறேன். புனிதராகவே இருக்கட்டும், வெறுக்கிறேன்.

போன திருவிழாவில் எம்லினைக் கூட்டிக்கொண்டு நான்தான் போனேன். பாட்டு முடியும்வரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தொங்கும் காணிக்கைகளுக்கு நடுவே பெரிய வலது பாதம் ஒன்று. குதிகாலில் பழைய கோடரித் தழும்பு. என் தம்பிக்கு இருந்ததைப் போலவே.

அதன் பக்கத்தில் சின்னதாக இன்னொன்று. சுண்டுவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருந்தது. எம்லினுக்குப் பிறவியிலேயே அப்படி.

கை நீட்டி அந்தச் சின்னப் பாதத்தின் அடியைத் தொட்டேன்.

மெழுகு வெதுவெதுப்பாக இருந்தது.

எனக்குப் பின்னால், ஊன்றுகோலில் சாய்ந்து நின்ற எம்லின் களுக்கென்று சிரித்தாள்.

"விடுங்கத்தை. கால் கூசுது."